வைட்டமின் உறையில் தமிழ் எங்கே?

உணவு பாதுகாப்புத் துறையிலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வைட்டமின் பொருட்கள் பற்றி நான் கொடுத்த புகாருக்குப் போன வாரம் என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: இந்தப் பொருள் எங்கள் அதிகார வரம்பில் வராது. அதற்கு மூன்று வாரம் முன்னால் வேறொரு அலுவலகத்திலும் இதே பதில்தான். ஓரிடத்தில் "அது மருந்தும்மா, எங்ககிட்ட வராது" என்றார்கள். இன்னோரிடத்தில் "டப்பாவுல உணவு உரிம நம்பர் போட்டிருக்கே, அங்க போய்க் கேளுங்க" என்றார்கள். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த எல்லையைத்தான் அவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் என் அம்மா ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால்தான் இனி தனிப் புகாராக எழுதாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சி உறையூரில் இருக்கிறோம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 68 வயது. போன வருஷம் முட்டிவலிக்குக் காட்டியபோது எலும்பு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, வைட்டமின் டி மிகவும் குறைவாக இருக்கிறது என்று ஒரு பொடி பாக்கெட் எழுதிக் கொடுத்தார். ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். வாரம் ஒன்று, எட்டு வாரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே பாலில் கலந்து கொடுத்தேன். எட்டு வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டோம். வலியும் குறைந்தது.

இந்த வருஷம் மாசியில் மறுபடியும் வலி. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா பழைய உறை ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, "இதே மாதிரி வாங்கிட்டு வாப்பா" என்று அனுப்பியிருக்கிறார். கடையில் சீட்டு கேட்கவில்லை. யாருக்கு, எத்தனை நாளுக்கு என்றும் கேட்கவில்லை. 12 பாக்கெட்டைக் காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்குக்கூட ஸ்ட்ரிப்பில் 1-0-1 என்று பேனாவால் எழுதித் தருவார்களே, அதுவும் இல்லை. போன தடவை வாரத்துக்கு ஒன்று மட்டும் போட்டதால்தான் வலி திரும்பி வந்துவிட்டது என்று அம்மா தானாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். தினமும் ஒன்று பாலில் போட்டுக் குடித்தார். சத்துப் பொடிதானே, கூடுதலாகப் போனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். 12 தீர்ந்ததும் இன்னொரு 12. அப்புறம் இன்னொரு 12.

ஐந்தாவது வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை என்றார். வாந்தி. நான்கைந்து நாளாக மலம் கழியவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், ராத்திரியில் ஆறேழு தடவை எழுந்து போனார். சர்க்கரையாக இருக்குமோ என்று பார்த்தோம், இல்லை. ஒரு நாள் காலையில் என்னிடம், "அப்பா வேலைக்குக் கிளம்பிட்டாரா, டிபன் கட்டணுமே" என்றார். அப்பா ஓய்வு பெற்று 11 வருஷம் ஆகிறது. அவர் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் கால்சியம் 13.8. பத்தரைக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. டாக்டர் முதலில் கேட்டது, "வீட்டுல என்னென்ன மாத்திரை, பொடி, டானிக் சாப்பிடறாங்களோ எல்லாத்தையும் கொண்டாங்க" என்பதுதான். அப்பா ஒரு மஞ்சப்பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக வைத்தோம். தினமும் போடும் கால்சியம் மாத்திரை, அதிலும் டி3, அதாவது அதே வைட்டமின் டி, இருந்தது. என் தங்கை ஆன்லைனில் வாங்கி அனுப்பிய, எலும்புக்குப் பலம் தரும் என்று விளம்பரம் செய்யும் பவுடர், அதிலும் டி3. கடைசியாகப் பையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா வந்தது. அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டார். குடித்து முடித்த உறைகளைக் கத்தரிக்கோலால் நேராக நறுக்கியபடியே, கடையில் காட்டி வாங்க உதவும் என்று, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைத்திருந்தார். பயிற்சி மருத்துவர் ஒருவர், சின்னப் பெண், அதைப் பிரித்துக் கட்டில் விரிப்பின் மேல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். 36.

ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் அவர் போட்ட கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. 36 பெருக்கல் 60,000. மொத்தம் 21,60,000 யூனிட். வயது வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. அதன்படி வகுத்தால் 3,600 நாள். கிட்டத்தட்ட பத்து வருஷத்துக்கு வேண்டியதை அம்மா 36 நாளில் குடித்திருக்கிறார். மாத்திரையிலும் பவுடரிலும் இருந்த டி3 இந்தக் கணக்கில் சேரவில்லை.

வைட்டமின் சி போன்றவை கொஞ்சம் அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படியில்லை, அது கொழுப்பில் தேங்குகிறது. தேங்கியது குடலிலிருந்து கால்சியத்தை மேலும் மேலும் ரத்தத்துக்கு இழுக்கிறது, அது சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. நிறுத்திய பிறகும் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இதெல்லாம் அந்த ஆறு நாளில், சலைன் பாட்டில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நான் கற்றுக்கொண்டவை. அம்மா பிழைத்து வந்துவிட்டார். இன்றுவரை பால், தயிர் அளந்துதான் கொடுக்கிறோம். மாதம் ஒரு முறை கிரியாட்டினின் பார்க்கிறோம்.

இப்போது அந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அம்மா படிக்கத் தெரியாதவர் இல்லை. தினமும் காலையில் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிப்பவர். அந்த உறையில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. 'மருத்துவர் சொன்னபடி' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி, எறும்பு அளவு எழுத்தில். 'வாரம் ஒரு முறை' என்று எந்த மொழியிலும் இல்லை. உணவுப் பொருள் லேபிளுக்கான மத்திய விதி, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சேர்த்துக்கொள்ளலாம் என்றால் யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பதற்கு என் வீட்டு அலமாரியே சாட்சி.

லால்குடி பக்கம் என் மாமா நெல் போடுகிறார். அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பூச்சிமருந்து பாட்டிலை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு கலக்க வேண்டும், விழுங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் துண்டுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் ஆபத்து எவ்வளவு என்று புரியும்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிற முக்கோணம் இருக்கிறது. விற்கும் இடத்து மொழியில் லேபிள் இருக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. வயலில் தெளிப்பதற்கு 50 வருஷத்துக்கு முன்பே செய்ய முடிந்ததை, வாயில் போடுவதற்கு ஏன் இன்னும் செய்யவில்லை?

நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுவதும் எண்களோடுதான் வேலை. எனக்கே அந்த மூன்று லேபிளையும் கூட்ட முடியவில்லை. ஒன்றில் டி3 ஐ.யூ. என்று யூனிட்டில் இருந்தது. இன்னொன்றில் மைக்ரோகிராமில். ஒரு மைக்ரோகிராம் என்றால் 40 யூனிட் என்று அந்தப் பயிற்சி மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. '25' என்று போட்டிருப்பதைப் பார்த்து மிகக் குறைவு என்று நினைத்தேன். அது 1,000 யூனிட். வீட்டில் ஒருவர் சாப்பிடும் மூன்று பொருளில் ஒரே வைட்டமின் இருப்பதையும், மொத்தம் எவ்வளவு என்பதையும் ஓர் அம்மாவோ மகளோ எப்படிக் கண்டுபிடிப்பது?

டப்பாவைத் திருப்பினால் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கும். அரசு சோதித்துப் பார்த்து நல்லது என்று சொன்னதற்கான முத்திரை அது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பினேன். என்னைப் போல் நம்புகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அந்த எண், தொழில் நடத்த உரிமம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. என் கையில் இருக்கும் அந்த டப்பாவை யாரும் திறந்து சோதித்ததாக அது சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை மக்களுக்கு நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். கம்பெனிகள் சொல்ல மாட்டார்கள், அந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் பெரிதாகக் காட்டுகிறார்கள்.

2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஊட்டச்சத்துப் பொருள் விதிகளின்படி, இந்த டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். என் தங்கை வாங்கிய பவுடரிலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அதே பவுடரின் விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் முட்டிவலி போய்விடும் என்று தமிழில் பேசுகிறார். எச்சரிக்கை புரியாத மொழியில் இருக்கிறது, ஆசை காட்டுவது மட்டும் சுத்தமான தமிழில் வருகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

மருந்து உரிமத்தில் வருபவையாவது பரவாயில்லையா என்றால், அங்கேயும் நிம்மதி இல்லை. 2024 ஆகஸ்டு மாதத்துக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட பட்டியலில், தரத்தில் தேறாத ஏறக்குறைய 50 மருந்துகளுக்கு நடுவே, பல வீடுகளில் தினமும் போடும் கால்சியம்-டி3 மாத்திரையும், வைட்டமின் சி சேர்ந்த பி காம்ப்ளெக்ஸ் கேப்ஸ்யூலும் இருந்தன. சில கம்பெனிகள் அந்த பேட்ச் தாங்கள் தயாரித்ததே இல்லை, போலி என்றன. போலியாகவே இருக்கட்டும், அதுவும் கடையில்தானே கிடைத்தது? ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மருந்துக்கு மாதாமாதம் ஒரு பட்டியலாவது வருகிறது. முக்கியமான 300 மருந்து பிராண்டுகளின் அட்டையில் 2023 ஆகஸ்டு 1 முதல் கியூஆர் கோடு கட்டாயம் ஆகியிருக்கிறது. உணவு உரிமத்தில் விற்கும் வைட்டமினில் எந்த பேட்ச் தேறவில்லை என்று தெரிந்துகொள்ள, என்னைப் போன்றவர்கள் திறந்து பார்க்கும்படி அப்படி ஒரு பட்டியல் என் கண்ணில் பட்டதில்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் பயம். என் மகளுக்கு ஏழு வயது. மிட்டாய் போலவே மென்று தின்னும், 'கம்மி' (gummy) என்று விற்கும் வைட்டமின் வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாள் பாட்டிலில் 11 குறைந்தது. சாதாரண மூடி, குழந்தை ஒரு திருகில் திறந்துவிடும். அதில் இரும்புச்சத்து இல்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளும்வரை எனக்கு உயிரே இல்லை. 2023 மார்ச்சில் ஊட்டியில் பள்ளிப் பிள்ளைகள் பந்தயம் கட்டி இரும்புச்சத்து மாத்திரைகளை விழுங்கி, 13 வயதுப் பெண் ஒருத்தி இறந்து போனாள். நம் மாநிலத்தில் நடந்தது, உங்கள் கோப்புகளிலும் இருக்கும். அதற்குப் பிறகும் வைட்டமினை மிட்டாய் வடிவத்தில், மிட்டாய் நிறத்தில், எளிதாகத் திறக்கும் பாட்டிலில் விற்க விடுகிறோம். கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 யூனிட் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் பாட்டிலும் இருக்கிறது, 800 யூனிட் பாட்டிலும் இருக்கிறது. பிராண்டு மாறினால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் தாய்க்கு இது தெரியாது.

தங்கை முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். தைராய்டு பரிசோதனை முடிவு தாறுமாறாக வந்தது. டாக்டர் அதை நிறுத்தச் சொல்லி மறுபடி எடுத்ததும் சரியாக இருந்தது. அதிக அளவு பயோட்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது. அவள் வாங்கிய டப்பாவில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வைட்டமினே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அப்பா சைவம், 15 வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார். இரண்டும் சேர்ந்தால் பி12 குறையும் என்று டாக்டர் சொன்னார். கால் மரத்துப் போய்ச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தவர், பி12 போட ஆரம்பித்த பிறகு தேறினார். கர்ப்பிணிகளுக்கு அரசே இரும்புச்சத்து-போலிக் அமில மாத்திரை கொடுக்கிறது, அது எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றுகிறது. தேவைப்படுகிறவர்களுக்கு இது உயிர். அதனால்தான் நம்பி வாங்கும்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இப்போது நான் ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சீட்டும் இல்லாமல் எந்தச் சத்து மாத்திரையும் வீட்டுக்குள் விடுவதில்லை. தயாரித்தவர் யார், விற்பவர் யார் என்று தனித்தனியாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் இரண்டும் வேறு. ஒரு நாள் அளவில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறேன், 100க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் வாங்குவதில்லை. எந்தச் சத்து எவ்வளவு என்று பிரித்துப் போடாமல் மொத்தமாக ஒரு கலவை என்று போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுகிறேன். பேட்ச் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். யார் யார் என்ன போடுகிறார்கள் என்று சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இவ்வளவும் செய்ய எனக்கு நேரமும் ஆங்கிலமும் இருக்கிறது. என் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் கிடையாது.

செய்ய முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். சர்க்கரை பானங்களை, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்றதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் சுமார் எட்டு வருஷம் போராடினார். 2025 அக்டோபரில் மத்திய உணவு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது. ஓர் உத்தரவில் முடிந்தது. இதற்கும் எட்டு வருஷம் ஆக வேண்டாம்.

நான் கேட்பவை இவை. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு வைட்டமின் பொருளிலும் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, அதிகமானால் என்ன அறிகுறி என்ற மூன்றையும் தமிழில், வயதானவர் கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட வையுங்கள். மத்திய விதி மாற வேண்டும் என்றால், மாநிலத்திலிருந்து அதை எழுத்து மூலம் கேளுங்கள், கேட்டதை எங்களுக்கும் சொல்லுங்கள். அதுவரை கடைக்காரர் கவரின் மேல் தமிழில் எழுதித் தரட்டும்.

60,000 யூனிட் பாக்கெட்டின் முகப்பில் 'வாரம் ஒரு முறை மட்டும்' என்று சிவப்பில் வர வேண்டும். சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. சீட்டில் எட்டு என்றால் எட்டுதான் கொடுக்க வேண்டும்.

எல்லா லேபிளிலும் யூனிட்டும் மைக்ரோகிராமும் சேர்ந்தே இருக்கட்டும். மிட்டாய் வடிவ வைட்டமினுக்கும் இரும்புச்சத்துக்கும் குழந்தை திறக்க முடியாத மூடி கட்டாயம் ஆகட்டும். பயோட்டின் டப்பாவில் ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லும்படி ஒரு வரி.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடைகளிலிருந்தும் ஆன்லைனிலிருந்தும் நீங்களே வாங்கிச் சோதித்து, எந்த பிராண்டு, எந்த பேட்ச், லேபிளில் சொன்னது எவ்வளவு, உள்ளே இருந்தது எவ்வளவு என்று தமிழில் வெளியிடுங்கள். தேறியவற்றின் பெயரையும் போடுங்கள். எதை வாங்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் அலைகிறோம்.

கடைசியாக, புகாருக்கு ஒரே ஒரு எண் வேண்டும். மருந்தா உணவா என்பதை உள்ளே உட்கார்ந்து நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அதைக் காரணம் காட்டி எங்கள் புகாரை மூடாதீர்கள்.

அந்த 36 உறைகளும், மற்ற டப்பாக்களும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியும், கணக்குப் போட்ட ஸ்கேன் கவரும் அதே பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. முடித்து வைத்த என் புகாரை மறுபடி திறந்து, அவற்றை எந்த அலுவலகத்தில், யாரிடம் கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தமிழில் பதில் எழுதுங்கள். லீவு போட்டுவிட்டு நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உறையூரிலிருந்து ஒரு மகள், ஒரு தாய்